கெசட்டோடு நின்றுபோன இஞ்சி: கோத்ரா சந்தை வழக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்துத் தலைநகர் கோத்ரா. 1969 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அங்கே ஒரு வியாபாரி கொஞ்சம் இஞ்சி வாங்கினார். விவசாய விளைபொருள் சந்தைக் குழுவின் லைசென்ஸ் அவரிடம் இல்லை. குழுவின் இன்ஸ்பெக்டர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு சொன்னது 1975 ஆகஸ்டில். நடுவில் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் பத்து ரூபாய்.

சட்டக் கல்லூரியில் இந்த வழக்கு ஒரு வரியில் கடந்து போகும். சட்டத்தில் வரும் ‘வேண்டும்’ எப்போது கட்டாயம், எப்போது வெறும் வழிகாட்டல் என்ற பாடத்துக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான். அதை இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து படிக்கலாம் என்பது என் கட்சி. சட்டமன்றம் தன் வேலையில் ஒரு பங்கை அதிகாரிகள் கையில் ஒப்படைத்த பிறகு, அது ஒரு கடைக்காரர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதை இந்த இஞ்சி மூட்டை காட்டுகிற அளவுக்குக் காட்டும் வழக்குகள் குறைவு. வியாபாரியின் பெயர் இங்கே தேவையில்லை.

சட்டம் எங்கிருந்து வந்தது

எடையில் ஏமாற்று, தரகில் ஏமாற்று, பணம் தருவதில் இழுத்தடிப்பு. இவற்றிலிருந்து விவசாயியைக் காப்பாற்றத்தான் சந்தைச் சட்டங்கள் வந்தன. நம் ஊர்ப் பக்கம் ‘ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்’ என்று போர்டு மாட்டியிருக்குமே, அதே ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் 1933-லேயே வணிகப் பயிர்களுக்கு இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. பம்பாய் மாகாணத்தில் 1939-ல் வந்தது. 1960-ல் பம்பாய் மாநிலம் பிரிந்து குஜராத் தனியானதும், பழைய சட்டத்துக்குப் பதிலாக 1963-ஆம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரில் சொந்தச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, சந்தைப் பகுதிக்குள் ஒழுங்குபடுத்தப்பட்ட விளைபொருளை லைசென்ஸ் இல்லாமல் வாங்கி விற்கக் கூடாது என்கிறது. மீறினால் 36-ஆம் பிரிவின் கீழ் தண்டனை. சரி, எந்த ஊர் சந்தைப் பகுதி? அந்த ஊரில் எந்தெந்தப் பொருள் ஒழுங்குக்கு உட்பட்டது? அதைச் சட்டமன்றம் சொல்லவில்லை. ஒவ்வொரு தாலுகாவிலும் என்ன விளைகிறது, எது சந்தைக்கு வருகிறது என்றெல்லாம் சட்டமன்றத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய முடியாது. ஆகவே அந்த வேலை சந்தைத் துறை இயக்குநருக்குப் போனது. ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் என்பது இதுதான். நம் அலுவலக வழக்கில் சார்நிலைச் சட்டம் என்பார்கள்.

ஒரு இஞ்சி, நான்கு அடுக்கு

கோத்ரா வியாபாரி எத்தனை அடுக்குச் சட்டத்தின் கீழ் நின்றார் என்று எண்ணிப் பார்த்தால் சார்நிலைச் சட்டத்தின் வகைகள் தாமாகவே புரிந்துவிடும்.

மேலே இருப்பது சட்டமன்றம் இயற்றிய தாய்ச்சட்டம். அதற்குக் கீழே மாநில அரசு 1965-ல் போட்ட விதிகள். படிவம், நடைமுறை, அறிவிக்கையை எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அதற்கும் கீழே, அந்தந்தச் சந்தைக் குழு தன் சந்தைக்குள் நடப்பதற்காக வகுத்துக்கொள்ளும் துணைவிதிகள். இவை தவிர, பக்கவாட்டில் வந்து சேர்வது இயக்குநரின் அறிவிக்கை: ‘இந்தத் தாலுகாவில் இனிமேல் இந்தப் பொருளும் ஒழுங்குக்கு உட்பட்டது’ என்று சொல்லும் ஒரு தாள்.

இந்தப் பெயர்களை ஒன்றுபோலப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். பொதுவாக, அரசு செய்வது விதி. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, பல்கலைக்கழகம் மாதிரிச் சட்டத்தால் உருவான அமைப்புகள் செய்வது ஒழுங்குமுறை. நகராட்சி, சந்தைக் குழு போன்றவை தங்கள் எல்லைக்குள் செய்வது துணைவிதி. அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் கட்டுப்பாட்டு உத்தரவுகளைப் போன்றவை ஆணை. அறிவிக்கை என்பதை நான் தனி வகையாகவே எண்ணுவதில்லை. அது ஒரு வடிவம். விதியும் அறிவிக்கையாகத்தான் வெளியாகும், வெறும் பணி நியமனமும் அப்படித்தான் வெளியாகும். பெயரைப் பார்த்து எடை போடாமல், உள்ளே இருப்பது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு பிரிப்பும் உண்டு. சட்டம் முழுமையாக இருக்கிறது, எப்போது, எங்கே, எதற்கு அது பாயும் என்பதை மட்டும் அதிகாரி முடிவு செய்கிறார் என்றால் அதை நிபந்தனைச் சட்டமியற்றல் என்பார்கள். விவரங்களையே அதிகாரி நிரப்புகிறார் என்றால் அது முழு ஒப்படைப்பு. இஞ்சியைப் பட்டியலில் சேர்த்தது முதல் வகைக்கு அருகில் நிற்கிறது என்று வாதிடலாம். வியாபாரியைப் பொறுத்தவரை இந்த வாதத்தால் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. நேற்று வரை சாதாரண வியாபாரம், இன்று குற்றம்.

எவ்வளவு தூரம் ஒப்படைக்கலாம் என்பதற்கு எல்லை 1951-லேயே போடப்பட்டது. டில்லிச் சட்டங்கள் குறித்துக் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். படித்து முடிப்பதற்குள் தலை சுற்றும். சாரம் மட்டும் தெளிவு: கொள்கையைத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் வேலை, அதைக் கைமாற்ற முடியாது, விவரங்களை ஒப்படைக்கலாம். கோத்ராவில் இந்த எல்லை மீறப்படவில்லை. அதிகாரம் இருந்தது, சரியான அதிகாரிதான் கையெழுத்துப் போட்டார். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருந்தது.

கவனிக்கப்பட்டது

1968-ல் இயக்குநர் ஓர் அறிவிக்கை மூலம் இஞ்சியைச் சேர்த்தார். அது அரசு கெசட்டில், அதாவது அரசிதழில் வெளியானது. எந்த நாளிதழிலும் வரவில்லை.

சட்டம் கேட்டது அதைவிட அதிகம். 5-ஆம் பிரிவின்படி இயக்குநர் முதலில் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும், ஆட்சேபணைகளுக்கு அவகாசம் தர வேண்டும், வந்தவற்றைப் பரிசீலிக்க வேண்டும். அதன்பிறகே 6-ஆம் பிரிவின் கீழ் இறுதி அறிவிக்கை. அந்த இறுதி அறிவிக்கை, கெசட்டில் வருவதோடு, அந்தப் பகுதியில் புழங்கும் ஒரு நாளிதழில் குஜராத்தியிலும் வெளியிடப்பட வேண்டும். புதிய பொருளைச் சேர்ப்பதற்கு 6-ஆம் பிரிவின் 5-ஆவது உட்பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த உட்பிரிவில் கெசட்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு. நாளிதழ் வெளியீடு பற்றிய வாக்கியம் முதல் உட்பிரிவில் இருக்கிறது.

அரசுத் தரப்பு இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டது.

மாஜிஸ்திரேட்டும் உயர் நீதிமன்றமும்

இஞ்சி வாங்கியது உண்மை என்று மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் விடுதலை செய்தார். இஞ்சியைச் சேர்த்த அறிவிக்கை சட்டம் சொன்னபடி பிரசுரமானதாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். முதல்நிலைக் கோர்ட்டில், இவ்வளவு சின்ன வழக்கில், ‘வாங்கினாயா இல்லையா’ என்பதோடு நிற்காமல் ‘அது குற்றமாக ஆனதா’ என்று கேட்ட அந்த மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. அபராதம் பத்து ரூபாய். தொகையைப் பார்த்தாலே தெரியும், நீதிமன்றத்துக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

பத்து ரூபாய்க்காக யாரும் டில்லிக்கு ரயில் ஏறுவதில்லை. அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால், கெசட்டில் மட்டும் அச்சான ஓர் அறிவிக்கை போதும், கோத்ராவில் இஞ்சி தொடுகிற ஒவ்வொருவரும் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும் என்று ஆகியிருக்கும். மேல்முறையீட்டின் பின்னால் இருந்த பணயம் அதுதான்.

உச்ச நீதிமன்றம்: ஒரு சொல்லின் மேல்

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். நாட்டில் அவசரநிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் அரசு அறிவிக்கை நாளிதழில் வந்தே தீர வேண்டும் என்று ஒரு தீர்ப்பு. தற்செயல்தான். இருந்தாலும் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கே நின்றுவிடுகிறது.

அரசின் முதல் வாதம்: பொருளைச் சேர்ப்பது 5-ஆவது உட்பிரிவின் கீழ். நாளிதழ் நிபந்தனை முதல் உட்பிரிவில் இருக்கிறது. ஆகவே அது இங்கே பொருந்தாது.

நீதிமன்றம் முதல் உட்பிரிவின் கடைசி வாக்கியத்தை எடுத்துப் படித்தது. ‘இந்தப் பிரிவின் கீழான அறிவிக்கை’ நாளிதழிலும் வெளியிடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. ‘இந்த உட்பிரிவின் கீழான’ என்று சொல்லவில்லை. உட்கார்ந்த இடம் முதல் உட்பிரிவாக இருக்கலாம், ஆளுகை 6-ஆம் பிரிவு முழுவதுக்கும். வரைவு எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ஒரு பொது நிபந்தனையைத் தனி உட்பிரிவாகக் கடைசியில் வைத்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொண்டது. ஒரு தாலுகாவை முதன்முதலில் சந்தைப் பகுதி ஆக்கும்போது நாளிதழில் சொல்ல வேண்டும், நாளைக்கே இன்னொரு பொருளைச் சேர்க்கும்போது சொல்ல வேண்டாம் என்றால் அதில் அர்த்தம் இல்லை. புதிதாகச் சேரும் பொருளின் வியாபாரிக்கு அதுதான் முதல் முறை.

அடுத்த வாதம் கனமானது: சரி, பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் அது வெறும் வழிகாட்டல்தானே, தவறினால் அறிவிக்கை செல்லாமல் போய்விடுமா?

போய்விடும் என்றது நீதிமன்றம். காரணம் தெளிவாக இருந்தது. கெசட்டில் அச்சானதை எல்லோரும் அறிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாளிதழை உள்ளூர்க்காரர்கள் உண்மையாகவே படிக்கிறார்கள். கெசட் இருந்தும், ‘நாளிதழிலும்’ என்று சட்டமன்றம் அந்த ‘உம்’மைச் சேர்த்திருக்கிறது என்றால் அது சும்மா இல்லை. ஆட்சேபணை சொல்ல வாய்ப்பே தராமல் வியாபாரிகள், விவசாயிகளின் தொழில் உரிமையைக் கட்டுப்படுத்துவதும், அதோடு தண்டனையையும் சேர்ப்பதும் இங்கே நடக்கிறது. ஆகவே நடைமுறை கட்டாயம். இஞ்சியைச் சேர்த்த அறிவிக்கை செல்லாது. வியாபாரி விடுதலை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தால் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும், திருத்தம் கேட்கும், மறுநாள் பத்திரிகையில் வரும். இயக்குநர் தன் அறையில் கையெழுத்துப் போடும்போது இவை எதுவும் இல்லை. முன்னறிவிப்பும், ஆட்சேபணை அவகாசமும், உள்ளூர் மொழியில் ஒரு நாளிதழும்தான் அந்த விவாதத்துக்குப் பதிலாக வைக்கப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தனிமனிதரின் உத்தரவு.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இரண்டு வழக்குகள்

‘எப்போதும் நாளிதழ் வேண்டும்’ என்று இதைப் படித்துவிட்டால் தவறிவிடுவோம்.

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரி போட்டது. வரைவை இந்தியில் வெளியாகும் உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும் என்பது சட்டம். அவர்கள் போட்டது ஓர் உருதுப் பத்திரிகையில், ஆனால் அறிவிப்பு இந்தியில். ஊரில் ஒழுங்காக வெளிவரும் இந்திப் பத்திரிகை இல்லை, உருதுப் பத்திரிகை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதை ஏற்றுக்கொண்டது: வெளியிட வேண்டும் என்பது கட்டாயம், எந்தப் பத்திரிகையில் என்பது வழிகாட்டல், நோக்கம் பெருமளவு நிறைவேறியிருக்கிறது. அங்கே முயற்சி நடந்து, முறையில் கொஞ்சம் பிசகியது. கோத்ராவில் நாளிதழ் என்ற படியே ஏறவில்லை.

மற்றது மும்பை விமான நிலையம். 1962 நவம்பர் 8 தேதியிட்ட ரிசர்வ் வங்கி அறிவிக்கை ஒன்று நவம்பர் 24 கெசட்டில் வந்தது. இந்தியா வழியாகத் தங்கம் கொண்டு போவதானால் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்றது. நவம்பர் 27-ல் சூரிச்சில் விமானம் ஏறிய ஒரு வெளிநாட்டவர், மணிலா போகும் வழியில், உடுப்புக்குள் 34 கிலோ தங்கத்தோடு மும்பையில் பிடிபட்டார். ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை ஒப்பவில்லை. அந்த அறிவிக்கைக்கு அதிகாரம் தந்த சட்டம் பிரசுர முறை எதையும் குறிப்பிடவில்லை, ஆகவே வழக்கமான வழியான கெசட் போதும், சூரிச் வரை போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்றது.

இரண்டையும் கோத்ராவோடு வைத்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: தாய்ச்சட்டம் என்ன கேட்டது? ஒன்றுமே கேட்காவிட்டாலும் ஏதோ ஒரு பிரசுரம் வேண்டும் என்பது ஜெய்ப்பூர் அபின் வழக்கில் 1951-லேயே முடிவான விஷயம். சமஸ்தான அமைச்சரவை 1923-ல் தீர்மானம் போட்டு நிறைவேற்றி, எங்கேயும் வெளியிடாத ஒரு சட்டத்தின் கீழ் ஒருவருக்கு 50 ரூபாய் அபராதம். உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

அதன் பின்

வியாபாரிக்குத் தண்டனை நீங்கியது. சந்தைச் சட்டம் அப்படியே நின்றது. இஞ்சியை ஒழுங்குக்குள் கொண்டுவரும் அதிகாரமும் இயக்குநரிடமே இருந்தது. முறையாக மறுபடி தொடங்கி, ஆட்சேபணை கேட்டு, குஜராத்தி நாளிதழில் போட்டால் முடிந்தது. நடைமுறைப் பிழைக்காக ஒரு சார்நிலைச் சட்டம் விழுவதற்கும், அதிகார வரம்பு மீறலுக்காக விழுவதற்கும் இதுதான் வேற்றுமை. முதலாவதைச் சரிசெய்து மீண்டும் கொண்டுவரலாம். இரண்டாவதற்குச் சட்டமன்றம்தான் திரும்பவும் கூட வேண்டும்.

இன்று இதே சூழல் வந்தால்

சட்டமன்றத்தின் கண்காணிப்பு இங்கே உதவியிருக்குமா? விதிகளை அவையில் வைக்கும் ஏற்பாடு உண்டு. மத்தியச் சட்டங்களில் வழக்கமாக, அவை கூட்டத்தொடரில் இருக்கும்போது மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும், உறுப்பினர்கள் திருத்தவோ ரத்து செய்யவோ கேட்கலாம். மக்களவையில் இதற்கென்றே 1953 முதல் சார்நிலைச் சட்டக் குழு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தாலுகாவில் இஞ்சியைச் சேர்த்த தாளைத் துருவிப் பார்க்க எந்த உறுப்பினருக்கும் நேரம் இருக்காது. இவ்வளவு கீழ் மட்டத்தில் காவல் என்று ஒன்று இருந்தால் அது உள்ளூர் வியாபாரியின் கண்தான்.

2014-ல் மத்திய அரசு, சார்நிலைச் சட்ட வரைவுகளையும் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒரு கொள்கையை ஏற்றது. அது கொள்கை மட்டுமே, சட்டம் இல்லை. மீறினால் கோத்ரா வியாபாரிக்குக் கிடைத்த கேடயம் கிடைக்காது. கெசட்டும் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டது. தேடுகிறவருக்குச் சுலபம். தேட வேண்டும் என்றே தெரியாதவர் 1968-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

சந்தைக் குழுவின் இடத்தில் நான் இருந்திருந்தால் புகார் எழுதுவதற்கு முன் ஃபைலைத் திறந்து மூன்று தாள்களைத் தேடியிருப்பேன்: எண்ணத்தைச் சொன்ன முதல் அறிவிக்கை, வந்த ஆட்சேபணைகள் மேல் எழுதிய குறிப்பு, தேதி தெரிகிற மாதிரி வெட்டி ஒட்டிய குஜராத்தி நாளிதழ்த் துண்டு. மூன்றாவது தாள் இல்லை என்பது 1969-லேயே தெரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போகாமல் இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார். நாளிதழில் ஒரு பத்தி விளம்பரம் போட ஆகும் செலவில் காரியம் முடிந்திருக்கும்.

வியாபாரிக்கு ஆலோசனை சொல்லும் வக்கீலின் வேலையும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. இப்போது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நாளிதழ்ப் பக்கத்தின் நகலைக் கேட்டு ஒரு மனு போடலாம். பதிலாகக் கெசட் நகல் மட்டும் வந்தால், வழக்கின் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.